கோலி இறங்கும் சத்தம்

விருந்தாளி வந்து உட்கார்ந்ததும் அப்பா என் பக்கம் திரும்புவார். "ஏலே, அண்ணாச்சி கடையில ரெண்டு கலர் வாங்கிட்டு ஓடியா." அடுத்த நொடி ஒயர்க்கூடையோடு தெருமுனைக்குப் பறந்திருப்பேன். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் சின்ன ஊர் எங்களுடையது. நிறமும் இனிப்பும் சேர்ந்தால் அது கலர். எதுவும் சேராவிட்டால் சோடா. கலர் விருந்தாளிக்கு. சோடா, வயிறு மந்தமானவர்களுக்கும், மேடையில் தொண்டை கட்டிக்கொண்ட பேச்சாளருக்கும், கல்யாணச் சாப்பாடு நெஞ்சிலேயே நிற்கிறது என்று சொல்லும் பெரியவர்களுக்கும். இரண்டையும் வாங்கி வரும் வேலை 1980களில் எங்கள் வீட்டில் என்னுடையது. அந்த ஓட்டத்தில் எனக்கு அத்தனை பெருமை.

பாட்டிலின் வாயை அடைத்திருக்கும் கண்ணாடிக் கோலியை உள்ளே தள்ளுவதுதான் முடியாமல் இருந்தது. அண்ணாச்சி இடது கையால் பாட்டிலின் கழுத்தைப் பிடிப்பார். அதே கையின் கட்டைவிரலைக் குழியில் பொருத்துவார். மற்றக் கையின் அடிப்பகுதியால் அந்த விரல்மேல் ஒரு தட்டு. கீச்சென்று சீறிக்கொண்டு கோலி இறங்கும், வாயில் வெள்ளைப் புகை மாதிரி ஒன்று ஒரு கணம் நிற்கும், கழுத்துக்குள் கோலி டிணுங்கும். நான் தள்ளினால் விரலில் வட்டமாக ஒரு தடம் மட்டும் விழும். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே மரக்கட்டையை எடுத்துக் கொடுப்பார்.

பின்னாளில் இயற்பியல் படித்தபோது முதலில் போட்டுப் பார்த்த கணக்குகளில் இது ஒன்று. பாட்டிலுக்குள் வெளிக்காற்றைவிட நான்கு வளிமண்டல அழுத்தம் கூடுதலாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 4 கிலோ எடை அழுத்துவதற்கு அது சமம். வாய்த் துளையின் விட்டம் 1 சென்டிமீட்டர் என்றால் பரப்பு சுமார் 0.8 சதுர சென்டிமீட்டர். ஆக, கோலியைக் கீழிருந்து மேலே முட்டிக்கொண்டிருக்கும் விசை 3 கிலோவுக்கு மேல். கேட்டால் பெரிதாகத் தெரியாது. ஆனால் கோலி இருப்பது விளிம்புக்குச் சற்றுக் கீழே. விரலின் சதை முதலில் கண்ணாடி விளிம்பில்தான் படுகிறது. நாம் கொடுக்கும் விசையில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும். ரப்பர் வளையம் வேறு கோலியைக் கவ்விக்கொண்டிருக்கும். குழிக்குள் நுழையும் மரக்கட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை. அண்ணாச்சியின் தட்டு வேறு வகை: விசை முழுவதும் ஒரு கணத்தில் இறங்குகிறது, ஒரு மயிரிழை இடைவெளி விழுந்தால் போதும், வாயு பீறிட்டு அழுத்தம் சரிந்துவிடும், மிச்ச வேலையைக் கோலி தன் எடையாலேயே முடித்துக்கொள்ளும்.

இந்தப் பாட்டில் நம் ஊர் ஆசாரிகள் கண்டுபிடித்தது என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். இதை உருவாக்கியவர் ஹைரம் காட் என்ற இங்கிலாந்துப் பொறியாளர். 1870களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்னால் சோடா பாட்டில்களுக்குத் தக்கைதான் மூடி. தக்கை காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் வாயு கசியும். அதனாலேயே அடிப்பாகத்தை முட்டை மாதிரி உருட்டிச் செய்தார்கள். அந்தப் பாட்டிலை நிறுத்தி வைக்க முடியாது. படுத்தே கிடக்கும், தக்கை எப்போதும் நனைந்தே இருக்கும். காட் வேறு வழியில் யோசித்தார். தப்பித்து ஓடத் துடிக்கிற வாயுவையே கதவைச் சாத்த வைத்தார். உள்ளே எவ்வளவு அழுத்தம் ஏறுகிறதோ அவ்வளவு இறுக்கமாகக் கோலி ரப்பரில் உட்காரும். தனியாக மூடியும் வேண்டாம், கம்பியும் வேண்டாம்.

கழுத்துக்குக் கீழே இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும் இடம் கோலி அடிவரை விழாமல் தாங்க. அதற்கு மேலே ஒரு பக்கம் மட்டும் இரண்டு குழிவுகள் இருக்கும். அந்தப் பக்கம் கீழே வரும்படி சாய்த்தால் கோலி குழிவில் மாட்டிக்கொண்டு வழிவிடும். மாற்றிச் சாய்த்தால் கோலி உருண்டு வந்து வாயை அடைக்கும். சோடாவை ஒழுங்காகக் குடிக்கத் தெரிந்தவனா என்பது இந்த ஒரு அசைவில் தெரிந்துவிடும்.

உடைந்த பாட்டிலிலிருந்து கோலி எடுத்து விளையாடாத பையன் எங்கள் தெருவில் கிடையாது. இங்கிலாந்துப் பிள்ளைகளும் கோலிக்காகவே பாட்டிலை உடைத்திருக்கிறார்கள். முழுசாகத் தப்பிய பழைய பாட்டில்களைச் சேகரிப்போர் இன்று தேடித்தேடி வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். 1892இல் அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் தகர மூடியைக் கொண்டுவந்தார். மேற்கு நாடுகளில் கோலி பாட்டில் மெல்ல மறைந்தது. ஜப்பானில் ராமுனே என்ற பெயரில் இன்றும் விற்கிறது. நம்மிடம் அது நிலைத்ததற்குக் காரணம் எளியது. மூடி வாங்க வேண்டாம், மூடி போடும் எந்திரம் வேண்டாம், பாட்டில் திரும்பத் திரும்ப வரும். ஒரு சின்ன அறையும் கையால் சுற்றும் ஒரு மிஷினும் ஒரு கேஸ் சிலிண்டரும் இருந்தால் சோடா கம்பெனி தொடங்கிவிடலாம். விருதுநகரில் 1916இல் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் மாதிரிப் பெரிதாக வளர்ந்தவையும் உண்டு. பெயர்ப்பலகைகூட இல்லாமல் ஒரு ஊருக்கும் அதைச் சுற்றிய நாலு கிராமத்துக்கும் மட்டும் போட்டுக்கொடுத்த கம்பெனிகள் அதைவிட எத்தனையோ மடங்கு.

எங்கள் ஊர்க் கம்பெனி கிணற்றடியை ஒட்டிய ஓட்டுக் கட்டடம். பள்ளி விட்டதும் வாசலில் நின்று பார்ப்பேன். பாட்டில்களில் கொஞ்சம் இடம் விட்டுத் தண்ணீர் நிரப்பி, இரும்புச் சட்டத்தில் மூன்று மூன்றாக மாட்டி, மேலே தகரக் கூண்டை மூடுவார்கள். வாயில் கேஸ் குழாய் பொருந்தும். பிறகு கைப்பிடியைச் சுற்ற, பாட்டில்கள் தலைகீழாகவும் நேராகவும் புரளும். சுற்றுவது நின்றதும் பாட்டில்கள் தலைகீழாக இருக்கும். கோலி உருண்டு வந்து ரப்பரில் உட்கார்ந்திருக்கும். குழாயை எடுத்தாலும் அது நகராது.

ஏன் அப்படிச் சுற்ற வேண்டும்? கரியமில வாயுவைத் தண்ணீர்மேல் சும்மா நிறுத்தினால் மேற்பரப்பில் இருக்கும் தண்ணீரில் மட்டும் கரையும். அது கீழே பரவ வெகுநேரம் பிடிக்கும். புரட்டிப் புரட்டிக் குலுக்கினால் தண்ணீரும் வாயுவும் ஆயிரம் இடங்களில் ஒன்றையொன்று தொடும். ஒரு நிமிடத்தில் வேலை முடியும். எவ்வளவு கரையும் என்பதை 1803இல் வில்லியம் ஹென்றி என்ற ஆங்கில வேதியியலாளர் சொல்லிவிட்டார்: அழுத்தம் எத்தனை மடங்கோ, கரைவதும் அத்தனை மடங்கு. சாதாரண அழுத்தத்தில், 25 டிகிரி செல்சியஸில், ஒரு லிட்டர் தண்ணீரில் கரையும் கரியமில வாயு ஏறக்குறைய ஒன்றரை கிராம். நல்ல காரமான சோடாவில் அதைப்போல் ஐந்து மடங்கு இருக்கும். கால் லிட்டர் சோடாவுக்குள் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் வாயு ஒடுங்கிக் கிடக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்த பாட்டிலில் ஒரு குமிழிகூடத் தெரியாது. தெளிந்த கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கும். கோலியைத் தள்ளிய கணத்தில்தான் அது சோடாவாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும்.

இதைக் கைவைத்தியமாகவே உலகம் முதலில் அறிந்தது. ஐரோப்பாவில் தானாகக் குமிழியிடும் ஊற்றுத் தண்ணீர் நோய் தீர்க்கும் என்று நம்பி மக்கள் தொலைதூரம் போய்க் குடித்தார்கள். 1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற மதபோதகர் ஒரு பீர் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்தார். புளித்துப் பொங்கும் தொட்டிக்கு மேலே ஒரு கனமான வாயு படலமாகத் தேங்கி நிற்பதைக் கவனித்தார். அதற்குள் கொண்டுபோன சுடர் அணைந்தது. அந்தப் படலத்துக்குள் கையை விட்டு, ஒரு பாத்திரத்துத் தண்ணீரை இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றினார். நம் டீக்கடையில் ஆற்றுகிறார்களே, அந்த மாதிரி. சில நிமிடங்களில் குமிழியிடும் தண்ணீர் கிடைத்தது. சோடா கம்பெனிக் கைப்பிடி செய்வதும் இந்த ஆற்றும் வேலையைத்தான்.

1772இல் செய்முறையைச் சின்னப் புத்தகமாக வெளியிட்டார். கப்பலோட்டிகளைக் கொன்றுகொண்டிருந்த ஸ்கர்வி நோய்க்கு இது மருந்தாகும் என்பது அவர் நம்பிக்கை. அந்த நம்பிக்கை பொய்த்தது; ஸ்கர்வி வைட்டமின் சி குறைவால் வருவது, கரியமில வாயுவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பின்னாளில் ஆக்சிஜனைக் கண்டறிந்து வரலாற்றில் நின்ற அதே பிரீஸ்ட்லிதான் இவர். அவ்வளவு கூர்மையான மனிதரையும் இந்தத் தண்ணீர் தன்னை மருந்து என்று நம்பவைத்தது. ஜெனீவாவில் 1783இல் யோகான் யாக்கோப் ஷ்வெப் இதை வணிகமாக்கியபோதும் மருந்துக் கடைகளே முதல் சந்தை. ஆரம்பத்தில் சோடா உப்பைக் கலந்தே தயாரித்ததால் வந்த பெயர்தான் சோடா. ஆப்பத்துக்குப் போடுகிறோமே, அதே உப்பு. நம் கோலி சோடாவில் பெரும்பாலும் தண்ணீரும் வாயுவும்தான். பெயரில் மட்டும் அந்த உப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சித்திரை, வைகாசியில் அண்ணாச்சி கடையில் பாட்டில் பெட்டிமேல் நனைத்த சாக்கு கிடக்கும். மணிக்கொரு தரம் ஒரு செம்புத் தண்ணீர் தெளிப்பார். குளிர்ச்சிக்காக என்று நினைத்தேன். குளிர்ச்சிக்கும்தான். சாக்கில் இருக்கும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இப்படியே. ஆனால் அந்தச் சாக்கு இன்னொரு காவலும் செய்தது. தண்ணீர் சூடேறினால் வாயு அதில் தங்க மறுக்கும். 10 டிகிரியில் இருந்த பாட்டில் 40 டிகிரி வெயிலுக்கு வந்தால் உள்ளே அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும். நம் கோடையில் வெயிலில் விட்ட சோடா பாட்டில், கார் டயரைப்போல் மூன்று மடங்கு அழுத்தத்தோடு நின்றுகொண்டிருக்கும். சோடா புட்டிக் கண்ணாடி என்று நாம் தடித்த மூக்குக்கண்ணாடியைச் சொல்கிறோமே, அந்தத் தடிப்பு இந்த அழுத்தத்தைத் தாங்கத்தான்.

கண்ணாடி உண்மையில் மிகவும் வலுவான பொருள். அதன் பகை கீறல்தான். ஆலன் கிரிஃபித் என்ற ஆங்கிலப் பொறியாளர் நூறாண்டுக்கு முன்பு இதை நிறுவினார்: கண்ணுக்கே தெரியாத ஒரு கீறலின் நுனியில் விசை பல மடங்காகக் குவிகிறது, ஒரு எல்லையைத் தாண்டினால் கீறல் தானாகவே ஓடி முழுக் கண்ணாடியையும் பிளந்துவிடும். ஆயிரம் முறை கழுவி, பெட்டியில் மோதி, மணலில் உரசி வந்த கோலி பாட்டிலில் கீறலுக்கா பஞ்சம்? ஒரு சித்திரை மதியம் எங்கள் ஊர்க் கம்பெனியில் அப்படியொன்று வெடித்தது. கூண்டுக்குள் வெடித்திருந்தால் பரவாயில்லை. எடுத்து அடுக்கும்போது வெடித்தது. வேலை செய்துகொண்டிருந்த அண்ணன் ஒருவரின் உள்ளங்கை கிழிந்து ஏழு தையல். மறுவாரம் கைக்கட்டோடு வந்து மறுபடி கைப்பிடி சுற்றினார். நாங்கள் இரண்டு ரூபாய்க்கும் குறைவாகக் கொடுத்து வாங்கிய பானத்துக்காக யாரோ தினமும் இந்த ஆபத்தோடு நின்றார்கள் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

குலுக்கினால் பாட்டிலில் அழுத்தம் ஏறும் என்று இன்றும் பலர் சொல்வார்கள். மூடிய பாட்டிலை எவ்வளவு குலுக்கினாலும், சூடேறாத வரை, அழுத்தம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். நடப்பது வேறு. குலுக்கும்போது மேலே இருக்கும் வாயு பொடிப்பொடிக் குமிழிகளாகத் தண்ணீருக்குள் சிதறும். கரைந்திருக்கும் வாயு வெளியே வர ஒரு தொடக்கப்புள்ளி வேண்டும். வெறும் தண்ணீரின் நடுவே புதிதாக ஒரு குமிழி பிறப்பது மிகவும் கடினம். குலுக்கிய பாட்டிலில் அந்தத் தொடக்கப்புள்ளிகள் லட்சக்கணக்கில் காத்திருக்கும். திறந்ததும் எல்லாம் ஒரேயடியாக ஊதிப் பெருத்துப் பொங்கும். எலுமிச்சை பிழிந்த டம்ளரில் உப்பைப் போட்டு அண்ணாச்சி சோடாவை ஊற்றும்போது நுரை சீறிக்கொண்டு எழுவதும் இதனால்தான். உப்புக்கல்லின் சொரசொரப்பிலும் இடுக்குகளிலும் ஒட்டியிருக்கும் துளிக்காற்று போதும். அந்த நுரை விளிம்பைத் தாண்டும் முன் வாயை வைத்து உறிஞ்சத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியும்.

அப்போது நாக்கில் ஏறும் அந்தச் சுருக்! அதைத்தான் இத்தனை வருடம் கழித்தும் நினைக்கிறோம். குமிழிகள் நாக்கில் உடைந்து குத்துவதுதான் அது என்று நானும் நம்பியிருந்தேன். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் இருக்கும் மோனெல் ஆய்வு நிலைய விஞ்ஞானிகள் 2013இல் வெளியிட்ட ஒரு சோதனை இதைச் சரிபார்த்தது. ஆட்களை உயர் அழுத்த அறைக்குள் உட்காரவைத்துச் சோடா கொடுத்தார்கள். வெளி அழுத்தமே அதிகமாக இருந்ததால் குமிழி எழவில்லை. ஆனாலும் அதே சுருக். குமிழி இல்லாமலே சோடா சோடாவாக இருந்தது.

காரணம் வேதியியலில் இருக்கிறது. நாக்கின் புளிப்பு உணரும் செல்களின் மேல் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி ஒட்டியிருக்கிறது. கரியமில வாயுவும் தண்ணீரும் சேர்ந்து அமிலமாவதை இது மின்னல் வேகமாக்குகிறது. இதே குடும்பத்து நொதி ஒன்று நம் ரத்தச் சிவப்பணுக்களிலும் இருக்கிறது. விநாடிக்குப் பத்து லட்சம் மூலக்கூறுகள் அதன் வேகம். ஜெயராம் சந்திரசேகரும் சக விஞ்ஞானிகளும் 2009இல் எலிகளில் இதைக் காட்டினார்கள்: புளிப்புச் செல்களை முடக்கினால் சோடாவுக்கு நாக்கு நரம்பு அசையவே இல்லை. மலையேறுபவர்களுக்கு இது முன்பே வேறு விதமாகத் தெரியும். உயரத்தில் வரும் தலைசுற்றலுக்கு அசெட்டசோலமைடு என்ற மாத்திரை போட்டுக்கொள்வார்கள். அது இந்த நொதியைத் தடுக்கும் மருந்து. சிகரம் ஏறிய மகிழ்ச்சியில் பீரைத் திறந்தால் அது பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்ததாம்.

புளிப்பு ஒரு பாதி. மறுபாதி வலி. 2010இல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் எமிலி லிமனின் குழு, கரியமில வாயு வலி நரம்புகளுக்குள் புகுந்து அங்கே அமிலமாகி, டிஆர்பிஏ1 என்ற உணரியைத் தூண்டுகிறது என்று கண்டது. கடுகை அரைத்தால் மூக்கில் சுள்ளென்று ஏறுமே, அதை உணர்வதும் இதே உணரிதான். கலர் குடிக்கும்போது யாராவது சிரிக்கவைத்து, அது மூக்குவழி வந்து, கண்ணில் நீர் முட்டிய அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். அது கடுகு ஏறிய வலிக்கு உடன்பிறப்பு. சோடாவின் இன்பம் சின்னதாக ஒரு வலி. ஆபத்தில்லாத வலி என்று மூளை கற்றுக்கொண்டுவிட்ட வலி. மிளகாயையும் இப்படித்தான் விரும்பப் பழகினோம். அதோடு குளிர்ச்சி சேர்ந்துவிட்டால் மூளை இன்னும் ஏமாறும். தாகத்தோடு இருப்பவர்களுக்குக் குளிர்ந்த சோடாவைக் கொடுத்தால், வெறும் தண்ணீரில் கிடைப்பதைவிட அதிகத் தாகம் தணிந்ததாக அவர்கள் உணர்வதை, அதே மோனெல் நிலையம் 2016இல் காட்டியது. உடம்பில் சேர்ந்த தண்ணீரின் அளவுக்கும் அந்த நிறைவுக்கும் சம்பந்தமில்லை.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது பன்னீர் சோடா. நிறம் இருக்காது, அதனால் அப்பாவின் பார்வையில் அது விருந்தாளிக்குத் தகுந்த கலரும் ஆகவில்லை. ஆனால் கோலி இறங்கியதும் கல்யாண வாசலில் பன்னீர் தெளிப்பது போன்ற மணம் கடை முழுக்கப் பரவும். ரோஜா இதழ்களைக் காய்ச்சி வடிக்கும்போது எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும், மிஞ்சும் தண்ணீர்தான் பன்னீர். இதழில் இருக்கும் பீனைல் எத்தில் ஆல்கஹால் என்ற மணப்பொருள் எண்ணெயோடு போகாமல் பெரும்பகுதி தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. பன்னீருக்கு அந்த மென்மையான மணம் அதனால். சோடாவில் அது கலந்தால் குமிழிகள் அதைச் சுமந்து மேலே வரும். மேற்பரப்பில் குமிழி உடையும்போது நுண்துளிகள் தெறிக்கும். ஃபிரான்சின் ரெய்ம்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெரார் லிஜே-பெலேர் குழுவினர் ஷாம்பெய்னை வைத்து 2009இல் அளந்தபோது, தெறிக்கும் துளிகளில் மணப்பொருள்கள் பானத்தில் இருப்பதைவிடச் செறிவாக இருந்தன. வாயருகே டம்ளரைக் கொண்டுபோகும்போதே மூக்கு பாதி குடித்துவிடுகிறது.

மூக்கின் வழி உள்ளே போனது சீக்கிரம் அழியாது. பார்வையும் ஓசையும் தலாமஸ் என்ற நடுவாசலைத் தாண்டியே மூளையின் மற்ற இடங்களுக்குப் போகின்றன. மணத்துக்கு அந்த வாசலில் நிற்க வேண்டியதில்லை. உணர்ச்சியையும் நினைவையும் ஆளும் பகுதிகளை அது நேராகவே தொடுகிறது. 65 வயதைக் கடந்தவர்களிடம் ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் 2006இல் நடத்திய சோதனையில், சொற்களும் படங்களும் பெரும்பாலும் பதினொன்று முதல் இருபது வயது வரையிலான நினைவுகளைக் கிளறின. மணங்கள் கிளறியவை பத்து வயதுக்கு முந்தியவை. சைக்கிளில் கட்டிய மரப்பெட்டியில் பாட்டில்கள் குலுங்கிப் போகும் சத்தம் கேட்டால் எனக்குத் தெரு ஞாபகம் வரும். பன்னீர் சோடா மணம் வந்தால் அந்தத் தெருவில் எனக்கு வயது எட்டு.

இப்போது கோலி சோடா திரும்ப வந்திருக்கிறது. பெரிய கடைகளில், கண்ணைப் பறிக்கும் நிறங்களில் வைத்திருக்கிறார்கள். 2017 மார்ச்சில் தமிழக வணிகர் சங்கங்கள் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று முடிவெடுத்தபோது உள்ளூர்க் கலர்களுக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. வாங்கிக் குடித்துப் பார்த்தேன். நன்றாகவே இருக்கிறது. பழைய ருசி இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாறியதில் என் நாக்கின் பங்கு எவ்வளவு, பாட்டிலின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பிளாஸ்டிக் பாட்டிலில் வருவதைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்லலாம். பிளாஸ்டிக்கின் சுவர் வழியாகவே கரியமில வாயு மெல்லக் கசிந்து போகும். கண்ணாடிச் சுவரில் அது நடக்காது.

இனி சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

1987ஆம் வருடம், ஒரு மார்கழி ராத்திரி. பெரியப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துகொண்டு நெஞ்சைத் தடவினார். நெஞ்சடைக்கிறது என்றார், லேசாக வியர்த்திருந்தது. "வாயுதான். சாயங்காலம் மொச்சையத் தின்னாருல்லா," என்றார் பெரியம்மா. "ஏலே, ஓடிப்போய் அண்ணாச்சிய எழுப்பி ஒரு சோடா வாங்கிட்டு வா." நான் ஓடினேன். ஊரே அடங்கியிருந்தது. கதவைத் தட்டி, சோடா வாங்கி, மூச்சிரைக்க வந்து நின்றேன். அதற்குள் என் விரலுக்குப் பலம் வந்திருந்தது. கோலியை நானே தள்ளினேன். உப்புப் போட்டுக் குடித்தார் பெரியப்பா. பெரிதாக ஒரு ஏப்பம் விட்டார். "இப்பத் தேவல" என்று என் தலையைத் தடவிவிட்டுப் படுத்தார். விடியற்காலையில் பெரியம்மாவின் குரல்தான் எங்களை எழுப்பியது. மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார்.

அந்த ஏப்பம் பொய்யில்லை. சோடாவில் இருக்கும் வாயு வயிற்றின் மேற்பகுதியை உப்பவைக்கும். அந்த இழுப்பில் உணவுக்குழாயின் அடிவாசல் ஒரு கணம் தளரும். வாயு மேலேறி வெளியே வரும், இறுக்கம் தளரும். நாக்கிலும் தொண்டையிலும் ஏறும் சுருக் கவனத்தையும் இழுத்துக்கொள்ளும். தேவலாம் போலத்தான் இருக்கும். ஆனால் வெளியே வந்த வாயுவில் பெரும்பகுதி சோடாவே கொண்டுவந்தது. இதயத்துக்கும் உணவுக்குழாய்க்கும் உரிய வலி நரம்புகள் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நுழைகின்றன. வலி எங்கிருந்து வருகிறது என்று மூளையாலேயே பல நேரம் பிரித்தறிய முடிவதில்லை. இதயத்தின் அடிப்புறத்தில் அடைப்பு ஏற்பட்டால் குமட்டலும் ஏப்பமுமாகவே அது தொடங்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே தெளிவாக இல்லாமல் வெறும் அசதியாகவும் மூச்சுத் திணறலாகவும் வருவதுண்டு. வயிற்று மருந்து கொடுத்ததும் வலி குறைந்தது என்பதை வைத்து இது மாரடைப்பு இல்லை என்று டாக்டர்களே முடிவு செய்வதில்லை. இசிஜி எடுத்துத்தான் பார்க்கிறார்கள்.

கோலி சோடாவைக் குடியுங்கள். பிள்ளைகளுக்குக் கோலி தள்ளக் கற்றுக்கொடுங்கள், குழிவு எந்தப் பக்கம் வர வேண்டும் என்று காட்டுங்கள். ஆனால் வீட்டில் யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், வியர்த்தால், வலி தாடைக்கோ இடது கைக்கோ ஓடினால், தயவுசெய்து ஒரு பிள்ளையைச் சோடா வாங்க அனுப்பாதீர்கள். அன்று எங்களிடம் இல்லாத ஒன்று 2008 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. போனை எடுத்து 108ஐ அழையுங்கள்.